திரைக்குள் எரிந்த தீபம்: பேகம் ரொகேயா

பயிர் விளையாத வயலைக் கண்டால் விதையைக் குறை கூறுவோர் உண்டு. மண்ணைக் குறை கூறுவோரும் உண்டு. வரப்போரத்து மடை அடைபட்டுக் கிடப்பதை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. ஒரு சமுதாயத்தில் புதுமைச் சிந்தனையும் படைப்பாற்றலும் குன்றுமாயின், அச்சமுதாயத்து மக்களிடம் அறிவு இல்லை என்று முடிவு கட்டுவது எளிது. இன்னார் இப்படித்தான் இருத்தல் வேண்டும், இதைத்தான் செய்தல் வேண்டும் என்று ஒருவர்மீது ஒருவர் சுமத்தும் எதிர்பார்ப்புகளே மடையை அடைத்த கல்லாக இருக்கக்கூடும் என்பதை ஏற்பதுதான் கடினம். ஏனெனில், அக்கல்லை வைத்தவர்களுள் நாமும் ஒருவராக இருப்போம்.

இவ்வுண்மையை ஆய்வுரையாகச் சொல்வதைக் காட்டிலும் ஒருவரது வாழ்வின் வழியே காண்பது பயன் தரும் என எண்ணுகிறோம். அதன்பொருட்டு வங்க நாட்டில் தோன்றி, எழுத்தாலும் கல்விப் பணியாலும் நிலைத்த புகழ் எய்திய பேகம் ரொகேயா சகாவத் ஹுசைன் அம்மையாரின் வரலாற்றை ஈண்டு எடுத்துக்கொள்கிறோம். ருகையா என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருமகளார் ஒருவரின் பெயர். அப்பெயரே வங்க மக்களின் நாவில் ரொகேயா என வழங்குகிறது.

பிறப்பும் வளர்ப்பும்

அம்மையார் 1880ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள், இன்றைய வங்காளதேசத்தில் உள்ள ரங்பூர்ப் பகுதியின் பாயராபந்த் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் பெருநிலக்கிழார், பல மொழிகள் அறிந்தவர். செல்வத்துக்குக் குறைவில்லை. இப்ராஹீம் சாபிர், கலீல் சாபிர் என்னும் ஆண்மக்கள் இருவரையும் கல்கத்தாவுக்கு அனுப்பிப் புனித சவேரியார் கல்லூரியில் பயிலச் செய்தார் தந்தையார். பெண்மக்களுக்கோ வீட்டின் உட்கட்டே உலகமாயிற்று. திருக்குர்ஆனை ஓதக் கற்பித்தார்கள். ஓதியதன் பொருளைக் கற்பிக்கவில்லை. சிறிதளவு உருது படிக்கலாம். அதற்குமேல் ஒரு பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்பது அக்கால மேற்குடியினரின் துணிபு.

அக்குடும்பங்களில் கோஷா முறை எத்துணைக் கடுமையாக இருந்தது என்பதை இன்று கற்பனை செய்வதும் அரிது. அயலார் ஆடவருக்கு மட்டுமன்றி, உறவல்லாத பெண்டிர் வந்தாலும் மறைந்துகொள்ள வேண்டும் என்பது முறை. ஐந்து வயதுச் சிறுமியாக இருந்தபோதே ரொகேயா அவ்வாறு மறைய நேர்ந்தது. விருந்தினர் வருகை தெரிந்ததும், விளையாடிக்கொண்டிருந்த குழந்தை ஓடி ஒளிய இடம் தேடும். எதற்காக ஒளிகிறோம் என்பது அக்குழந்தைக்குத் தெரியாது. ஒளியச் சொன்னவர்களுக்கும் தெரியுமா என்பது ஐயமே. முன்னோர் செய்தனர், உறவினர் எதிர்பார்க்கின்றனர், ஆதலின் செய்கிறோம் என்பதே அவர்கள் அறிந்த காரணம்.

மொழியிலும் ஒரு வேலி இருந்தது. அரபு, பாரசீகம், உருது ஆகியவை உயர்குடி முஸ்லிம்களின் மொழிகள் எனவும், வங்க மொழி ஏவலாளரும் உழவரும் பேசும் மொழி எனவும் கருதப்பட்ட காலம் அது. வங்கத்தில் பிறந்து, வங்கக் காற்றை உண்டு, வங்கச் சொல்லைக் கேட்டு வளர்ந்த குழந்தை வங்க எழுத்தைக் கற்பது குடிப்பெருமைக்கு இழுக்கு என எண்ணப்பட்டது.

இவ்வேலியில் முதலில் இடறியவர் ரொகேயாவின் தமக்கை கரீமுன்னிசா. அவர் மறைவாக வங்க நூலைப் படித்துக்கொண்டிருந்ததைத் தந்தையார் ஒருநாள் கண்டுவிட்டார். அஞ்சி நடுங்கிய மகளை அவர் கடிந்துகொள்ளவில்லை. கற்கட்டும் என்றே எண்ணினார் என்பர். ஆனால் செய்தி பரவியதும் சுற்றத்தார் பழி கூறத் தொடங்கினர். தந்தையின் உள்ளம் இசைந்திருந்தும் சுற்றத்தின் சொல்லே வென்றது. படிப்பு நின்றது. பதினைந்து வயது நிறையுமுன் கரீமுன்னிசாவுக்கு மணம் முடிந்தது. பிற்காலத்தில் அவர் கவிதைகள் எழுதினார் எனினும், அவருடைய ஆற்றலின் முழு உருவை உலகம் காணவில்லை.

இந்நிகழ்ச்சியை நாம் உற்று நோக்க வேண்டும். இங்குக் கொடியவர் என்று எவரும் இல்லை. தந்தை அன்புடையவர், உறவினர் குடும்பத்தின் நன்மதிப்பைக் காக்க நினைத்தவர்கள். தனித்தனியே கேட்டிருந்தால் அவர்களுள் சிலரேனும் பெண் படிப்பதில் தவறில்லை என்றிருப்பர். கூட்டமாகச் சேர்ந்தபோது ஒருவர் மற்றவருக்கு அஞ்சினர், அவ்வச்சமே சட்டமாயிற்று.

இரவுப் பாடம்

தமக்கைக்கு மூடப்பட்ட வாயில் தங்கைக்குச் சிறிதே திறந்தது. அதைத் திறந்தவர் மூத்த தமையன் இப்ராஹீம் சாபிர். கல்கத்தாவில் புதிய கல்வியைச் சுவைத்த அவர், தாம் பெற்றதைத் தங்கைக்கும் தர விழைந்தார். பகலில் கற்பித்தால் வீடு எதிர்க்கும். ஆதலின், இரவில் பெற்றோர் உறங்கிய பின், மெழுகுவத்தி ஒளியில் அண்ணனும் தங்கையும் நூலைத் திறந்தனர். ஆங்கிலமும் வங்கமும் அவ்வொளியில் கற்பிக்கப்பட்டன. வங்க மொழிப் பயிற்சிக்குக் கரீமுன்னிசாவும் துணை நின்றார்.

நற்செயல் ஒன்றைத் திருட்டுச் செயல்போல் செய்ய வேண்டியிருந்த அந்த இரவுகளை ரொகேயா மறக்கவில்லை. பின்னாளில் எழுதிய 'பத்மராக்' என்னும் புதினத்தைத் தமையனுக்கும், 'மோத்திசூர்' என்னும் கட்டுரைத் தொகுப்பின் இரண்டாம் பகுதியைத் தமக்கைக்கும் உரிமையாக்கி நன்றிக்கடன் செலுத்தினார். பள்ளி வாயிலை மிதித்தறியாத ஒருவர் பெரும் எழுத்தாளரானதற்கு அவ்விருவரும் சுற்றத்தின் சொல்லைத் தாண்டி நின்றதே முதற்காரணம்.

மணவாழ்வும் எழுத்தும்

1890களின் இறுதியில் ரொகேயாவுக்குத் திருமணம் நிகழ்ந்தது. கணவர் சையது சகாவத் ஹுசைன் பீகாரைச் சேர்ந்தவர், உருது மொழியினர், இங்கிலாந்து சென்று பயின்றவர், பாகல்பூரில் துணை நீதிபதிப் பதவி வகித்தவர். மனைவியை இழந்தவர், வயதில் மிக மூத்தவர். இத்தகைய மணத்தில் இளம்பெண்ணின் கல்வி அணைந்துவிடும் என்றுதான் எவரும் எதிர்பார்த்திருப்பர். நிகழ்ந்தது வேறு. மனைவியின் ஆங்கிலப் பயிற்சிக்குச் சகாவத் ஹுசைன் துணை செய்தார், எழுதுமாறு தூண்டினார்.

1902ஆம் ஆண்டு முதல் ரொகேயாவின் எழுத்துகள் வங்க இதழ்களில் வெளிவரலாயின. பெண்கள் ஏன் பின்தங்கினர், அணிகலன் என்று மகிழ்ந்து பூணுபவை உண்மையில் எவற்றின் அடையாளங்கள், இல்லறத்தில் பெண்ணுக்கு உரிமையான மூலை எது என்றெல்லாம் அவர் வினவினார். இக்கட்டுரைகளின் தொகுப்பாகிய 'மோத்திசூர்' முதற்பகுதி 1904இல் வெளிவந்தது. கூர்மையும் நகைச்சுவையும் கலந்த நடை அவருடையது. சிரித்துக்கொண்டே படிப்பவர், சிரிப்பு அடங்கியதும் தம் வீட்டை நினைத்துத் திடுக்கிடுவார்.

எதிர்ப்பு எழாமல் இல்லை. பெண்களின் தாழ்நிலையைப் பற்றிய கட்டுரை ஒன்று இதழில் வந்தபோது கடுங்கண்டனத்துக்கு ஆளாயிற்று. அக்கட்டுரையை நூலில் சேர்த்தபோது ஐந்து பத்திகளை அம்மையார் நீக்கிவிட்டார். எழுதிய கையே அழிக்கவும் நேர்ந்தது. இவ்வாறு நீக்கப்பட்ட பத்திகளையாவது பழைய இதழைப் புரட்டி நாம் மீட்கலாம். இதை எழுதினால் ஊர் என்ன சொல்லும் என்று கருதி எழுதாமலே விட்டவற்றை எங்குச் சென்று தேடுவது?

சென்னையில் வெளிவந்த கனவு

அம்மையாரின் புகழ்பெற்ற படைப்பாகிய 'சுல்தானாவின் கனவு' ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. இதனை முதன்முதல் வெளியிட்ட பெருமை நம் சென்னை மாநகருக்கு உரியது என்பதை மாணவர்கள் அறிதல் வேண்டும். கமலா சத்தியநாதன் அம்மையார் சென்னையிலிருந்து நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்னும் மகளிர் இதழில் 1905ஆம் ஆண்டு அது வெளிவந்தது. 1908இல் கல்கத்தாவில் நூலாயிற்று. கணவர் அலுவல் நிமித்தம் வெளியூர் சென்றிருந்தபோது, பொழுது போக்குவதற்காக ரொகேயா இதனை எழுதினார். திரும்பி வந்த கணவர் நின்றபடியே முழுவதும் படித்து முடித்தார் என்பது அறியத்தக்க செய்தி.

அக்கதையில் வரும் நாட்டில் ஆடவர் உட்கட்டில் இருக்கின்றனர். பெண்டிர் வெளியில் உலவுகின்றனர். அந்நாட்டில் பெண்களுக்கெனப் பல்கலைக்கழகங்கள் இரண்டு உண்டு. ஒன்றில் மேகத்திலிருந்து நீரைத் திரட்டும் வழி கண்டனர். மற்றொன்றில் கதிரவனின் வெப்பத்தைச் சேமிக்கும் கருவி செய்தனர். ஆடவர் இவற்றைப் பகற்கனவு என எள்ளினர். பகைவர் படையெடுத்து வந்து நாட்டின் வீரர் தோற்றபோது, சேமித்த கதிர்வெப்பத்தைக் கொண்டே அறிஞர் பெண்டிர் பகையை வென்றனர். வானில் ஊர்தி பறக்கிறது. சமையலும் கதிரொளியில் நடக்கிறது.

மின்விளக்கே பல ஊர்களை எட்டாத காலத்தில், பள்ளிக்குச் செல்லாத இருபத்தைந்து வயதுப் பெண் ஒருவர் கதிரவனின் ஆற்றலைச் சேமிப்பது பற்றி எண்ணினார் என்பது வியப்புக்குரியது. ஆயினும் இக்கதையின் உயிர் அறிவியலில் மட்டும் இல்லை. அந்நாட்டுப் பெண்டிர் தனித்தனி மேதைகளாகப் படைக்கப்படவில்லை; கூடி ஆய்கின்றனர்; ஒரு கழகம் கண்டதைக் கண்டு மற்றொரு கழகம் போட்டியிட்டு வேறொன்று காண்கிறது. இன்னது பெண்ணின் வேலை அன்று என்னும் எதிர்பார்ப்பை எடுத்துவிட்டால் ஒரு கூட்டத்தின் அறிவு எவ்வாறு பெருகும் என்பதையே அம்மையார் கதையாக்கினார்.

எட்டு மாணவியர்

கனவைக் கண்டவருக்கு வாழ்வு அடிமேல் அடி தந்தது. பிறந்த பெண்குழந்தைகள் இருவரும் மழலைப் பருவத்திலேயே மறைந்தனர். கணவர் நீரிழிவு நோயால் கண்பார்வை இழந்து, 1909ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் இறையடி சேர்ந்தார். அவர் பெண்கல்விக்கென ரூபாய் 10,000 ஒதுக்கி வைத்திருந்தார். அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளே, துயரம் ஆறுமுன், பாகல்பூரில் ஐந்து மாணவியருடன் ரொகேயா பள்ளி தொடங்கினார். குடும்பச் சொத்துப் பிணக்கால் அவ்வூரில் இருக்க முடியாமல் 1910இல் கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தார். அங்கு 1911ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள், வலியுல்லா சந்தில் ஒரு வாடகை இல்லத்தில், எட்டு மாணவியருடன் சகாவத் நினைவுப் பெண்கள் பள்ளி மீண்டும் உயிர்பெற்றது.

பள்ளி நடத்துபவர் தாம் ஒருநாளும் பள்ளியில் பயின்றவர் அல்லர். வகுப்பு எவ்வாறு நடைபெறும், மணி எப்போது அடிக்க வேண்டும் என்பதையும் அவர் அறியார். அதற்காக வெட்கப்படவில்லை. பிரம்ம சமாஜத்தாரும் இந்துக்களும் நடத்திய பெண்கள் பள்ளிகளுக்குச் சென்று, பாடம் நடக்கும் முறையை உடனிருந்து கற்றுவந்தார்.

அடுத்து ஆசிரியர் பஞ்சம். முஸ்லிம் பெண்களுக்குப் பெண்களே கற்பித்தல் வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. கற்பிக்கும் பெண்கள் வேண்டுமாயின் முன்னரே பெண்கள் கற்றிருக்க வேண்டும். கற்ற பெண்கள் இல்லை, ஆதலின் கற்பிப்பார் இல்லை, கற்பிப்பார் இல்லை, ஆதலின் கற்போர் இல்லை. இச்சுழலிலிருந்து வெளிவர அம்மையார் சென்னை, கயை, ஆக்ரா முதலிய தொலைநகரங்களிலிருந்து ஆசிரியைகளை வரவழைத்தார். தாமே அவர்களுக்குப் பயிற்சியும் அளித்தார். அவருடைய இடைவிடா முயற்சியின் பயனாக 1919இல் கல்கத்தாவில் முஸ்லிம் பெண்களுக்கான ஆசிரியர் பயிற்சிப் பள்ளியை அரசு நிறுவியது.

பள்ளியில் திருக்குர்ஆன் பொருள் விளக்கத்துடன் கற்பிக்கப்பட்டது. வங்கம், ஆங்கிலம், உருது, பாரசீகம் ஆகிய மொழிகளோடு, நோயாளரைப் பேணுதல், முதலுதவி, சமையல், தையல், உடற்பயிற்சி ஆகியனவும் இடம்பெற்றன. தாம் சிறுமியாக இருந்தபோது பொருள் அறியாது ஓதிய குறையைத் தம் மாணவியருக்கு நேராமல் தீர்த்தார் என்பது கருதத்தக்கது.

வண்டியும் திரையும்

மாணவியரைப் பள்ளிக்கு அழைத்துவருவதே பெரும் போராட்டமாயிற்று. நடந்துவரப் பெற்றோர் ஒப்பார். ஆதலின் பள்ளிக்கென வண்டி வேண்டும். அவ்வண்டியும் நாற்புறமும் மூடியிருத்தல் வேண்டும். பெற்றோரின் விருப்பப்படியே காற்றும் ஒளியும் புகாதவாறு அடைக்கப்பட்ட மோட்டார் வண்டி ஒன்று வந்தது. விளைவு என்ன? இருட்டிலும் புழுக்கத்திலும் சிறுமியர் அலறினர்; சிலர் வாந்தி எடுத்தனர்; சிலர் மயங்கி விழுந்தனர். அதே பெற்றோர், வண்டியில் சென்ற குழந்தை நோயுற்றுத் திரும்புகிறது எனக் குறை கூறினர்.

அம்மையார் வண்டியின் அடைப்புகளைத் திறந்து, சாளரங்களுக்குத் திரைச்சீலை தொங்கவிட்டார். அன்றே கடிதங்கள் வரத் தொடங்கின. காற்றில் திரை அசைகிறது. அசையும்போது உள்ளிருப்போர் தெரிகின்றனர். இது கோஷா ஆகுமா என்று வினவின அக்கடிதங்கள். சில நட்புரிமையோடு வந்தன. சில செய்தித்தாளில் எழுதிப் பள்ளியின் பெயரைக் கெடுத்துவிடுவதாக அச்சுறுத்தின. மூடினால் குழந்தை மயங்குகிறது; திறந்தால் சமுதாயம் சினக்கிறது. இந்த இக்கட்டை அம்மையார் பின்னர் தமக்கே உரிய கசப்பான நகைச்சுவையோடு எழுதினார்.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை நாம் தெளிவுபடுத்த வேண்டும். அம்மையார் மார்க்கத்தை எதிர்த்தவர் அல்லர். ஒழுக்கத்துக்கு உரிய ஆடைமுறையை ஏற்று, புர்கா கல்விக்குத் தடையன்று என விளக்கித் தனிக்கட்டுரையே எழுதியவர். தாமும் அம்முறையைக் கடைப்பிடித்தே வெளியே சென்றார். அவர் எதிர்த்தது, பெண்ணை வீட்டினுள் அடைத்து அறிவையும் அடைக்கும் வழக்கத்தை. ஓதுக என்னும் கட்டளையோடு இறங்கத் தொடங்கியது நம் வேதம். கல்வியைத் தேடுவதைக் கடமையாக்கியது நம் மார்க்கம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் ஆண்மக்களும் பாடம் கேட்டனர் என்பது நம் வரலாறு. இவற்றை அறிந்த சமுதாயத்தில் ஒரு பள்ளி வண்டியின் திரைச்சீலை பெரும் வழக்காயிற்று என்றால், மார்க்கம் சொன்னது எது, நாமே சேர்த்துக்கொண்டது எது எனப் பிரித்தறியும் பழக்கம் அங்கே தளர்ந்துபோயிற்று என்றே பொருள்.

மொழியின் வேலி மீண்டும் குறுக்கிட்டது. கல்கத்தாவின் வசதிபடைத்த முஸ்லிம் குடும்பங்கள் உருதுவையே விரும்பியமையால் பள்ளியும் உருது வழியே நடந்தது. வங்கப் பிரிவு ஒன்றை அம்மையார் தொடங்கியபோது போதிய மாணவியர் சேரவில்லை. அதை மூட நேர்ந்தது. வங்க மொழியின் சிறந்த உரைநடை ஆசிரியருள் ஒருவர், தாம் நிறுவிய பள்ளியில் வங்க வகுப்பை நிலைநிறுத்த இயலாமல் வருந்தினார். தாய்மொழியில் எழுதுவதைத் தாழ்வாக எண்ணும் சமுதாயத்தில் எத்தனை கவிஞர்கள் முதல் அடியையும் எழுதாமல் மறைந்திருப்பர் என எண்ணிப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது.

மகளிர் சங்கம்

1916இல் அம்மையார் 'அஞ்சுமனே கவாத்தீனே இஸ்லாம்' என்னும் முஸ்லிம் மகளிர் சங்கத்தை நிறுவினார். கைம்பெண்களுக்கு உதவி, ஏழைச் சிறுமியருக்குக் கல்வி, சேரிவாழ் பெண்களுக்கு எழுத்தறிவும் கைத்தொழிலும் எனப் பணிகள் விரிந்தன. ஆனால் பெண்களைக் கூட்டத்துக்கு அழைத்து வருவதே அரும்பாடாக இருந்தது. பலமுறை வீடு தேடிச் சென்று வேண்டியபின் வந்த பெண்மணி ஒருவர், கூட்டம் முடிந்து புறப்படும்போது, கூட்டத்தைக் காட்டுவதாகச் சொல்லி அழைத்து வந்தீர்களே, அதைக் காணவே இல்லையே என்று குறைபட்டுக்கொண்டதாகக் கூறுவர். நால்வர் அமர்ந்து பொதுச்செய்தி பேசுவதே கூட்டம் என்பதை அவர் அறிந்திலர். நகைப்பதற்குரிய செய்தி அன்று இது. கூடி எண்ணும் வாய்ப்பு தலைமுறை தலைமுறையாக மறுக்கப்பட்டவர்க்கு, அத்தகைய ஒன்று உண்டு என்பதே தெரியாமற் போகும்.

ஆயினும் அச்சிறு சங்கத்திலிருந்தே அடுத்த தலைமுறை எழுந்தது. அம்மையாரைப் பின்பற்றிப் பொதுவாழ்வுக்கு வந்த ஷம்சுன்னாஹர் மஹ்மூத், 1937இல் அவருடைய வாழ்க்கை வரலாற்றை நூலாக எழுதினார். கற்றோர் இல்லை என்ற நிலை மாறி, கற்பித்தவரின் வரலாற்றைக் கற்றவர் எழுதும் நிலை இருபத்தாறு ஆண்டுகளில் உருவாயிற்று.

கொடுத்த விலை

இப்பணிகளுக்கு அம்மையார் கொடுத்த விலையையும் எண்ணிப் பார்த்தல் தகும். 'சுல்தானாவின் கனவு' நூலானது 1908இல். அதற்கு அடுத்த நூல் வெளிவரப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாயின. பள்ளிக்குப் பொருள் திரட்டுதல், பெற்றோரை இசைவித்தல், பழிமொழிக்கு விடை கூறுதல் ஆகியவற்றில் அவ்வாண்டுகளின் பெரும்பகுதி கழிந்தது. முப்பது வயதில் படைப்பாற்றலின் உச்சியில் நின்ற ஒருவர், திரைச்சீலையின் நீளத்தைப் பற்றிக் கடிதப் போக்குவரத்து நடத்த வேண்டியிருந்தது. பள்ளிக்காகப் பல இடங்களில் அவர் வளைந்து கொடுத்தார். வளையாதிருந்தால் எழுத்து இன்னும் ஒளிர்ந்திருக்கலாம், பள்ளி மூடப்பட்டிருக்கும். அம்மையார் பள்ளியைத் தேர்ந்தார். அத்தேர்வு சரியா என விவாதிக்கலாம். அத்தகைய தேர்வை ஒருவர்மீது சுமத்திய சமுதாயம் சரியா என்பதே முதலில் எழ வேண்டிய வினா.

பின்னாளில் எழுத்தும் மீண்டது. 1924இல் 'பத்மராக்' வெளிவந்தது. பல சமயத்துப் பெண்கள் ஒரே இல்லத்தில் கூடி வாழ்ந்து, பள்ளியும் மருத்துவமனையும் தொழிற்கூடமும் நடத்தும் கதை அது. 1931இல் வெளிவந்த 'அபரோத்பாசினி' அடைபட்டு வாழ்ந்த பெண்டிரைப் பற்றிய நாற்பத்தேழு நிகழ்ச்சிகளின் தொகுப்பு. அவற்றுள் ஒன்று கியூல் புகைவண்டி நிலையத்தில் நிகழ்ந்தது. வண்டி மாறும்போது புர்கா தடுக்கித் தண்டவாளத்தில் விழுந்த மாதைத் தூக்கிவிட ஆடவர் பலர் ஓடிவந்தனர். அயல் ஆடவர் தொடலாகாது என உடன்வந்த பணிப்பெண் தடுத்துவிட்டாள். அவளால் தனியே தூக்க முடியவில்லை. வண்டி புறப்பட்டது, மாது நசுங்கி உயிர்நீத்தார். உயிரைக் காப்பது மனித குலத்தையே காப்பதற்கு ஒப்பாகும் எனப் போதிக்கும் மார்க்கத்தைச் சார்ந்தவர் நடுவில் இது நிகழ்ந்தது. அப்பணிப்பெண் இரக்கமற்றவள் அல்லள். தன்னிடம் எதிர்பார்க்கப்பட்டதைச் செய்தாள்.

இறுதி

1932ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள், தாம் பிறந்த அதே நாளில், ஐம்பத்திரண்டாம் வயது நிறைவில், அம்மையார் இவ்வுலகை நீத்தார். முதல்நாள் இரவும் எழுதிக்கொண்டிருந்தார். பெண்ணுரிமை பற்றிய முற்றுப்பெறாத கட்டுரை ஒன்று அவருடைய எழுதுமேசையில் கிடந்தது. கல்கத்தாவை அடுத்த சோதேபூரில் அவர் நல்லடக்கம் செய்யப்பட்டார். எட்டு மாணவியருடன் தொடங்கிய பள்ளி அவர் காலத்திலேயே உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. அவருக்குப் பின் அரசுப் பள்ளியாகித் தொடர்ந்தது. அவர் பிறந்ததும் மறைந்ததுமாகிய டிசம்பர் 9, வங்காளதேசத்தில் ரொகேயா நாளாகக் கொண்டாடப்படுகிறது. வாழ்ந்தபோது பழித்த சமுதாயம், மறைந்தபின் மாலை சூட்டுவது உலக வழக்கு. உயிரோடு இருப்பவருக்குச் சிறிது இடம் விட்டிருந்தால் அம்மாலைக்கு இன்னும் பொருள் இருந்திருக்கும்.

நாம் கற்க வேண்டுவது

இவ்வரலாற்றை வங்கத்தின் பழங்கதை எனப் படித்து மூடிவிட நமக்கு உரிமை இல்லை. கல்லூரி என்பதும் ஒரு கூட்டம்; துறை என்பதும் ஒரு கூட்டம்; ஜமாஅத்தும் குடும்பமும் கூட்டங்களே. ஒரு மாணவி கவிதை எழுதிக் கொண்டுவரும்போது, முதலில் கவிதையைப் பார்க்கிறோமா, இவள் ஏன் எழுதுகிறாள் என்று பார்க்கிறோமா? ஒரு மாணவன் தமிழ் படிக்க விரும்பும்போது, அவன் விருப்பத்தைக் கேட்கிறோமா, ஊதியத்தைக் கணக்கிட்டு வேறு துறைக்குத் திருப்புகிறோமா? ஆசிரியர்களாகிய நாமும் இதற்கு விலக்கல்லோம். மூத்தோர் கூறிய விளக்கத்தினின்று மாறுபட்ட விளக்கத்தை வகுப்பில் ஒருவர் கூறினால், ஆராய்ந்து பாராமல் அமரச் செய்த நாள்கள் நம்மிடமும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

சமுதாயப் பெரியோருக்கு நாம் பணிவுடன் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றே. கட்டுப்பாடு வேண்டா என நாம் கூறவில்லை. கரையில்லாத ஆறு ஊரை அழிக்கும். ஆனால் ஒவ்வொரு தடையையும் விதிக்குமுன், இது மார்க்கத்தின் சொல்லா, நம் அச்சத்தின் சொல்லா என ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம். அச்சத்தின் சொல்லாயின், அதை முதலில் விடுபவர் நாமாக இருக்கலாம். கரீமுன்னிசாவின் தந்தையோடு துணைநிற்கச் சுற்றத்தாருள் ஒருவரேனும் இருந்திருப்பின், வங்கத்துக்கு ஒரு ரொகேயாவுக்கு முன்னரே மற்றொருவர் கிடைத்திருப்பார்.

மாணவச் செல்வங்களுக்குச் சொல்ல விரும்புவதும் உண்டு. இப்ராஹீம் சாபிரின் பெயர் பெரிதும் பேசப்படுவதில்லை. அவர் நூல் எழுதிப் புகழ் பெற்றவர் அல்லர், உறங்கும் வீட்டில் ஒரு மெழுகுவத்தியை ஏற்றினார், அவ்வளவே. உங்கள் இல்லங்களில் தங்கையர் உள்ளனர். அவர்களுக்காக நீங்கள் மறைவில் ஏற்ற வேண்டியதில்லை. பகலிலேயே நூலைத் திறந்து கொடுக்கலாம். அதற்கான நல்லுள்ளத்தையும் துணிவையும் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக.